மடக்குக் கத்தியும் ஒரு சம்பந்தமும்

"அப்பா, அந்தக் கத்தியெல்லாம் அலுமாரியில வச்சிப் பூட்டுங்க. அவங்க கண்டியில பஸ் ஏறிட்டாங்களாம்."

கத்திகளைப் பூட்டச் சொல்லி டிலானி காலையிலிருந்தே நச்சரித்துக்கொண்டிருந்தாள். இராமநாதன் தலை நிமிரவில்லை. மேசையில் வெள்ளைத் துவாய் விரித்து, தன் மடக்குக் கத்திகளை அதன்மேல் படுக்கப் போட்டு, ஒவ்வொன்றின் மூட்டுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வத்தேகமயில் மற்றவர்கள் சந்தைக்குப் போவார்கள். அவர் கத்திக்கு எண்ணெய் போடுவார்.

"எண்ணெய் ஊறணும்மா. வாறவங்க மனுசரத்தானே பார்க்க வாறாங்க?"

"மனுசரப் பார்க்க வந்த மடுல்கெல்லக்காரங்க என்ன ஆனாங்க?"

இராமநாதன் அடுத்த கத்தியைத் திறந்தார். மடுல்கெல்லயிலிருந்து போன மாதம் ஒரு நல்ல இடம் வந்திருந்தது. யாரும் கேட்காமலே இராமநாதன் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, கத்தியின் கூர்மையைக் காட்டுவதற்காக முன்கை ரோமத்தை மழித்துக் காட்டினார். இப்படிச் சோதித்துச் சோதித்து அந்தக் கை ஏற்கெனவே பாதி மொட்டை. வந்தவர்கள் சாப்பிட வைத்த ரோல்ஸைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டார்கள். ஆள் ஒரு மாதிரியோ என்று பிறகு தரகரிடம் விசாரித்தார்களாம்.

அம்மா இறந்துபோன பிறகுதான் அவருக்கு இந்தப் பைத்தியங்கள் பிடித்தன. ஒன்று கத்தி, மற்றது கோப்பி. சுற்றிலும் மலைமலையாகத் தேயிலை நிற்க, இவர் கோப்பிக்கொட்டையைத் தராசில் நிறுத்து, கையால் அரைத்து, தண்ணீருக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் சூடு பார்த்து, நூல் மாதிரி ஊற்றி இறக்குவார். அதற்குள் குடிக்கும் ஆசை மற்றவர்களுக்குப் போய்விடும்.

டிலானிக்குக் கொழும்பில் வேலை கிடைத்திருந்தது. இந்த விஷயம் முடியாமல் போகமாட்டேன் என்று அவள் நாளைக் கடத்திக்கொண்டே வந்தாள். இதுவும் தட்டிப்போனால் என்ன செய்வது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

கஜலட்சுமியும் மகன் யுகேஷும் வந்து இறங்கினார்கள். மூன்று பேராகப் போகக்கூடாது என்று தரகர் பஸ்ஸிலேயே ஏறவில்லையாம். கஜலட்சுமிக்குக் கண்டியில் தையல் கடை. யுகேஷ் வங்கியில் வேலை. அவன் டிலானியை ஒரு தடவை பார்த்துவிட்டு, சுவரில் தொங்கிய கலண்டரைப் படிக்கத் தொடங்கினான். அவளுக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

கோப்பித் தட்டை நான்தான் கொண்டுவருவேன், நீ சிந்திவிடுவாய் என்று இராமநாதன் முன்பே சொல்லிவைத்திருந்தார். குசினியிலிருந்து அரைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் கேட்கவில்லை. இங்கே மழை, அங்கே வெயில் என்று பேசக்கூடியதெல்லாம் பேசித் தீர்ந்த பிறகு, அவர் தட்டோடு வந்தார்.

கஜலட்சுமி ஒரு வாய் குடித்துவிட்டு, சீனி இருக்கிறதா என்று கேட்டார்.

"போடக்கூடாதுங்க. போட்டா கோப்பியோட குணம் தெரியாது."

டிலானிக்குத் தலையில் கை வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. சம்பந்தம் பேச வந்தவர்களுக்கு எடுத்த எடுப்பிலேயே கசப்பைக் கொடுத்த வீடு அந்த ஊரிலேயே இதுவாகத்தான் இருக்கும். கஜலட்சுமி முகம் மாறாமல் குடித்து முடித்தார். யுகேஷ் ஒரு வாயோடு கோப்பையைப் பூச்சாடிக்குப் பின்னால் மறைத்து வைத்தான்.

அவர்கள் கொண்டுவந்த மஸ்கட் இனிப்புப் பெட்டியை நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கஜலட்சுமி முடிச்சோடு மல்லுக்கட்டினார். இராமநாதனின் கை தன்பாட்டில் காற்சட்டைப் பைக்குள் போனது.

'கிளிக்' என்றது. டிலானி கண்ணை மூடிக்கொண்டாள்.

கஜலட்சுமி கையை நீட்டினார். இராமநாதன் கத்தியைக் கையில் கொடுக்காமல் டீப்போ மேசையில் வைத்து, பிடியை அவர் பக்கம் திருப்பிவிட்டார்.

"கையில குடுத்தா சண்டை வரும்னு சொல்லுவாங்க. நமக்கு அது எதுக்கு?"

கஜலட்சுமி கத்தியை எடுத்தார். ஒரே இழுப்பில் கயிறு அறுந்தது. அலகைப் பெருவிரலால் குறுக்காகத் தடவிப் பார்த்தார்.

"என் கடையில கத்தரிக்கோலெல்லாம் மொட்டையாக் கெடக்கு. சாணை புடிக்கிற ஆளுகளும் இப்ப வாறதில்ல. இது நீங்களே தீட்டுனதா?"

அவ்வளவுதான். அலுமாரி திறந்தது, துவாய் விரிந்தது. இராமநாதன் ஒவ்வொன்றாகத் திறந்து காட்ட, கஜலட்சுமி ஒவ்வொன்றாக மடித்துப் பார்த்தார். பேப்பரைக் கீற்றுக் கீற்றாக வெட்டிப் பார்த்தார்கள். கடைசியில் சட்டைக் கையும் மேலே ஏறியது. அந்த மொட்டைக் கையைப் பார்த்துவிட்டுக் கஜலட்சுமி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

எல்லாம் போச்சு என்று டிலானி நினைத்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கஜலட்சுமி மகனைக் கூட்டிக்கொண்டு வெளியே அந்தூரியப் பூச்சட்டிகள் பக்கம் போனார். இருவரும் மெதுவாகப் பேசினார்கள். இராமநாதன் இன்னொரு கோப்பிக்குத் தண்ணீர் வைக்கக் குசினிக்குள் போனார். வெறும் தட்டோடு நின்ற டிலானி, கட்டுக்கலைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்துகொண்டாள்.

யுகேஷ் மட்டும் உள்ளே வந்தான். தொண்டையைச் செருமினான். கலண்டரை விட்டுவிட்டு இப்போது அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

"அம்மாவுக்கு முழுச் சம்மதமாம்" என்றான். டிலானிக்குக் கண் கலங்கியது.

"எங்கப்பா செத்ததுக்குப் பெறகு அம்மா இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்ல. உங்கப்பாவும் சரின்னா, ரெண்டு பேருக்கும் நாமளே ஒரு நல்ல நாளாப் பார்த்துக் கலியாணத்த முடிச்சு வைப்போம், தங்கச்சி."