பூக்கடையில் ஒரு சர்வர் ரூம்

சங்கரன்கோவில் பூ வியாபாரி ஞானதுரைக்குக் கம்ப்யூட்டர், சாப்ட்வேர் எல்லாம் விற்றவன் லிங்கேஷ். அதன் பெருமையைக் காட்டி சிவகிரி வியாபாரி ரிபாயிக்கும் விற்றுவிடலாம் என்று அவரைக் கையோடு அழைத்து வந்திருந்தான்.

"அண்ணாச்சி, கம்ப்யூட்டர் வந்த பொறவு லாபம் எப்படி?" என்று ஞானதுரையிடம் கேட்டார் ரிபாயி.

"அதை ஏன் கேக்க! முன்னெல்லாம் மிஞ்சுன மல்லி வாடிக் குப்பைக்குப் போவும். இப்போ ஒரு பூ வீணாகல."

லிங்கேஷ் பூரித்துப்போனான். "பாத்தீங்களா? எவ்வளவு விக்கும்னு சாப்ட்வேர் முன்னாலயே சொல்லிரும்!"

அண்ணாச்சி பெருமையாக சர்வர் ரூமைத் திறந்தார். கம்ப்யூட்டர் சூடாகக் கூடாதென்று லிங்கேஷ் பிடிவாதமாகப் போடவைத்த ஏசி ஜில்லென்று ஓடியது. அறை முழுக்கக் கூடை கூடையாக மல்லி. கம்ப்யூட்டர் பிரிக்காத பெட்டியில், மூலையில் கிடந்தது.

"எனக்கும் இதே மாதிரி ஒண்ணு போட்டுருங்க தம்பி," என்றார் ரிபாயி. "கம்ப்யூட்டர் மட்டும் வேண்டாம்."