ஐந்தாவது கை

இறுதிப்போட்டிக்கு முன் காத்திருக்கும் அறையில் குளோரின் வாடை அடிக்கிறது. குழல்விளக்கு ஒன்று விட்டுவிட்டு எரிகிறது. மூன்று ஆண்டுகளாக மல்லாந்து நீந்துவதில் அவளை வென்றவர் இல்லை; இப்போது பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து நகத்தைக் கடிக்கிறாள். அக்கா, தங்கையின் பின்மண்டையில் ஏழு தையல் போட்ட தழும்பில் விரல் படாமல், ரப்பர் தொப்பியை மாட்டிவிடுகிறாள். மல்லாந்து போகிறவருக்குச் சுவர் தெரியாது. சுவருக்குச் சற்று முன்னால் தலைக்கு மேலே கட்டியிருக்கும் கொடித் தோரணத்தைக் கடந்ததும் ஐந்து முறை கை வீசினால் சுவர் வந்துவிடும். போன மாதம் எண்ணிக்கை தவறி, முழு வேகத்தில் மண்டை மோதியது. அன்றிலிருந்து நாலாவது கையிலேயே திரும்பிப் பார்த்துவிடுகிறாள். பார்த்தால் வேகம் போகும். இன்று தோற்றால் அணியில் இடமே போகும்.

“செவுரு எங்கயும் ஓடிப் போயிடாதுடி. அங்கயேதான் இருக்கும்” என்கிறாள் அக்கா.

“அதான்க்கா பயமா இருக்கு.”

அக்காவுக்குச் சிரிப்பு வருகிறது. தங்கையின் முகத்தைப் பார்த்ததும் அது பாதியில் நின்றுவிடுகிறது.

குளத்தருகே விசில் ஒலிக்கிறது. போட்டியாளர்கள் எட்டுப் பேரும் நீரில் இறங்கி, போகவேண்டிய திசைக்கு முதுகைக் காட்டியபடி தொடக்க மேடையின் கம்பியைப் பிடிக்கிறார்கள். கூரை விளக்குகள் தண்ணீரில் துண்டு துண்டாக ஆடுகின்றன. பார்வையாளர் ஒவ்வொருவராக அடங்குகிறார்கள். ஈரத் துண்டை மார்போடு அணைத்துக்கொண்டு அக்கா தங்கையின் உதடுகளையே பார்க்கிறாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அங்கே நின்று, உதடுகள் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குகின்றன.