நத்தைக்கு யார் சாட்சி?

கட்டிய மனைவியே காலை வாரிவிடுவாள் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

கடல் ஆய்வுக்கூடத்தில் மாடியில் அவருக்குக் கிளிஞ்சல் பிரிவு. கீழ்த்தளத்தில் அவளுக்கு மரபணுப் பிரிவு. பாறை இடுக்கில் அவர் கண்டெடுத்த நத்தை பார்வைக்குச் சாதாரண நத்தை மாதிரிதான் இருந்தது. ஆனால் ஓட்டின் வாயோரத்தில் குருணை குருணையாகப் பற்கள். உச்சிச் சுருளில் லேசான சிவப்பு.

"இது தனி இனம்" என்றார்.

புது இனமா என்று முடிவு செய்கிற வல்லுநர் குழுவின் தலைவர் சிரித்தார். பெரிய ஆய்வகம் ஒன்றை நடத்துகிறவர்.

"சார், வெயில்ல நின்னா நான்கூடத்தான் கறுத்துப் போறேன். அதுக்காக நான் தனி இனமா? அலை அடிக்கிற இடத்துல ஓடு மாறத்தான் செய்யும். மரபணுச் சோதனை முடிவோட வாங்க."

மரபணு என்றால் மனைவிதான். இரண்டு வகை நத்தையிலும் சதைத் துணுக்கு எடுத்துக் குப்பிகளில் போட்டுக் கொடுத்து மாதக்கணக்காகிவிட்டது. எப்போது கேட்டாலும் "இன்னும் ஆகலைங்க" என்பாள்.

நாளைக்குக் கடைசிக் கூட்டம். நிரூபிக்காவிட்டால் இதையும் சாதாரண நத்தைகளோடு ஒரே பெட்டியில் கொட்டி மூடிவிடுவார்கள். ஓய்வு பெறப்போகிறவரின் ஆயுள் உழைப்பும் அதோடு உள்ளே போய்விடும்.

சாப்பாட்டு மேசையிலேயே ஓடுகளைப் பரப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க எல்லாம் ஒன்று போலவே தெரிந்தன. 

"உன் பக்கத்து மேசைப் பொண்ணு சொல்றா. என் குப்பியை எல்லாம் நீ எப்பவோ முடிச்சுட்டியாமே?"

தட்டை வைத்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

"முடிச்சேன்."

"அப்போ முடிவு?"

"இப்போ சொல்ல முடியாதுங்க."

"என் நத்தை தோத்துடுச்சு, அதானே? இல்ல, தலைவர் மனசு கோணக்கூடாதுன்னு பாக்கிறியா? பலே! வீட்டுக்குள்ளயே ஆள் வெச்சிருக்கார் மனுஷன்!"

"வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க. முதல்ல நத்தையை நகர்த்திட்டுச் சாப்பிடுங்க."

அவள் போன் அடித்தது. குழுத் தலைவர்!

 அவள் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"மேடம், பேர் எதுவும் போடாம வெறும் நம்பர் ஒட்டி எங்க லேபுக்கு அனுப்பினீங்களே, அதுல பாதி சாதாரண நத்தை. மீதி சத்தியமாத் தனி இனம். நானே மறுபடி ஒரு தடவை போட்டுப் பார்த்துட்டேன். யாரோட நத்தை மேடம் அது?"

"நாளைக்குக் கூட்டத்துல நீங்களே பார்ப்பீங்க சார்."

போனை வைத்தாள். அவர் லென்ஸைக் கீழே வைத்தார்.

"நீ செஞ்ச சோதனையில என்ன வந்தது?"

"இதேதான்."

"அடிப்பாவி! சொல்லித் தொலைச்சிருக்கலாமே! இத்தனை நாள் நெருப்புல நின்னேனே. எதுக்கு இன்னொரு இடத்துக்கு அனுப்பினே? உன் கை மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

"எப்படிங்க இருக்கும்? மெஷின் ஓடி முடியற வரைக்கும், உங்க பக்கமே வரணும்னு வேண்டிக்கிட்டுல்ல நின்னேன்!"