பக்கத்தில் இருப்பவன்

துப்பாக்கி முனையில் மாட்டும் மஸில் பிரேக்கில் ஆறு ரகம் காட்டிவிட்டான் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத் துப்பாக்கிக் கடைக்காரன் டூயி. விர்ஜிலுக்கு எதுவும் பிடிக்கவில்லை.

"இதைப் போட்டா தோள்ல உதையே தெரியாது சார். வெடிக்காத்தும் புழுதியும் பக்கத்துல இருக்கறவன் மூஞ்சியிலதான் அடிக்கும். சத்தத்துல அவன் காதும் கிழியும்."

"ஐயோ பாவம்! வேற காட்டுப்பா."

"உங்க தோளைப் பாருங்க சார். அடுத்தவன் எக்கேடு கெட்டா என்ன?"

"அவனும் மனுஷன்தானேப்பா!"

இப்படியும் ஒரு தங்கமான மனிதரா! டூயி உருகிப்போனான்.

அப்போது துப்பாக்கியும் கையுமாக உள்ளே வந்தாள் விர்ஜிலின் மனைவி லோர்னா.

"இன்னுமா எடுக்கல? போட்டியில சுடப்போறது நான். எனக்கு உதைக்காம இருந்தாப் போதும். நீ வழக்கம்போல பக்கத்துல படுத்துக்கிட்டு, குண்டு எங்க படுதுன்னு சொல்லு!"

டூயி பெரிய காதடைப்பான் ஒன்றை எடுத்து விர்ஜிலிடம் நீட்டினான்.

"இது என் அன்பளிப்பு சார்."