நைட்டி போட்ட பேய்

"பேய்க்குப் பூ கிடையாது மாமி. கொலுசு கிடையாது. வெள்ளைப் புடவையும் கிடையாது. என் படத்துல பேய் நைட்டி போட்டுண்டுதான் வரும்."

ஷ்ரவண் கறாராகச் சொன்னான். எதிரே உட்கார்ந்திருந்த கோமளம் காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"பூ இல்லேன்னா நான் இல்லை. வேற ஆளைப் பாத்துக்கோப்பா."

குடையை எடுத்துக்கொண்டு போயே விட்டாள்.

பூ வைத்தால் வழக்கமான சினிமாப் பேயாகிவிடுமே என்பது ஷ்ரவணின் கவலை. நைட்டிதானே அவன் கதைக்கு உயிர்! அடையாறு ஃப்ளாட்டில் ஒரு சாயங்காலம் கரண்ட் போனபோது, மாடிப்படித் திருப்பத்தில் எதிர்வீட்டு அம்மாள் நைட்டியும் தோளில் துண்டும் தலைவிரி கோலமுமாக நின்று, "உங்காத்துலயும் ஃப்யூஸ் போயிடுத்தா?" என்று கேட்டாள். இவன் அலறிய அலறலில் அந்த அம்மாளும் சேர்ந்து அலறினாள். படம் பிறந்தது அப்போதுதான். தயாரிப்பாளர் இல்லை, பாட்டு இல்லை, ஃபைட் இல்லை. வீடியோவில் எடுக்கப்போகும் ஒரு பேய்ப் படம்.

கேமரா, நண்பன் ஷாஹுல் ஹமீதுடையது. மயிலாப்பூரிலும் தி.நகரிலும் கல்யாண வீடியோ எடுக்கிறவன். ஆடியில் கல்யாணம் கிடையாது, கேமரா சும்மா கிடக்கும்.

"ஆடி முச்சூடும் உனக்குத்தான் மச்சி. ஆவணி பொறந்துச்சுன்னா நான் மண்டபத்துக்குப் போயிடுவேன், என்னைக் கேக்காதே" என்று முதலிலேயே சொல்லிவிட்டான்.

இப்போது ஆடிப்பெருக்கும் போய்விட்டது. வீடு ரெடி, வசனம் ரெடி. பேய் மட்டும்தான் கிடைக்கவில்லை.

கல்லூரியில் கூடப் படித்த மஹதி சந்தோஷமாகச் சம்மதித்தாள். அவள் அம்மா வாசலோடு திருப்பி அனுப்பினாள். "பொண்ணுக்கு வரன் பாத்துண்டிருக்கோம். பேயா நடிச்சவளை எவன்டா பண்ணிப்பான்?"

நாடகக் குழு நடிகை ஒருத்தி, பிணமாக வேண்டுமானால் படுக்கிறேன் என்றாள். "பொணம்னா ஷாட் முடிஞ்சா எழுந்து போயிடலாம். பேய் கூடவே வந்துடும் தம்பி."

மிச்சம் இருந்தது கோமளம்தான். பாங்க்கில் வேலை. எப்போதோ சபா நாடகங்களில் நடித்தவள். யாரோ சொல்லக் கேட்டுத் தானாகத் தேடி வந்தாள். நடித்துக் காட்டச் சொன்னதும் ஒரு வார்த்தை பேசாமல் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். ஷாஹுலுக்கு முதுகு வேர்த்துவிட்டது. அப்படிப்பட்டவளைத்தான் பூவுக்காக விரட்டிவிட்டு உட்கார்ந்திருந்தான் நம் டைரக்டர்.

"பேய்க்கு வாக்கப்பட்டா முருங்கை மரம் ஏறித்தான் ஆவணும் மச்சி. போ, போய் மாமி கால்ல வுழு" என்றான் ஷாஹுல்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஷ்ரவண் பாங்க் வாசலில் போய் நின்றான். கோமளம் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் இறங்கியும் வரவில்லை.

"தலை நிறைய மல்லிப்பூ வேணும். நெத்தியில பெரிசா குங்குமம். கை நிறையக் கண்ணாடி வளையல். அப்புறம், பூவை நான் வாங்கிண்டு வரமாட்டேன். நீங்கதான் வாங்கித் தரணும்."

"நைட்டி?"

"அது உன் இஷ்டம்."

வேறு வழியில்லாமல் தலையாட்டிவிட்டு வந்தான். வந்து ஷாஹுலிடம் பொரிந்து தள்ளினான்.

"இன்னும் ஒரு ஷாட் எடுக்கலை, அதுக்குள்ள ஹீரோயின் பந்தா! பூ வாங்கக்கூட நாம போகணுமாம். அம்பது வயசுக்கு மேல என்னடா அலங்கார ஆசை?"

"வுடு மச்சி, ஆசைக்கு ஏது வயசு? நமக்குப் பேய் கெடைச்சுதா இல்லியா?"

ஞாயிற்றுக்கிழமை காலை ஆழ்வார்பேட்டையில் ஷாஹுலின் ஸ்டூடியோவில் மேக்கப் டெஸ்ட். பானகல் பார்க் பக்கம் போய் ஷாஹுலே பூ வாங்கி வந்தான். கோமளம் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். வெகுநேரம் கழித்துத்தான் கதவு திறந்தது.

நைட்டிக்கும் அந்தப் பூவுக்கும் கொஞ்சமும் ஒட்டவில்லை. அதுதான் பார்க்கப் பயமாக இருந்தது. தன் பிடிவாதம் எவ்வளவு அசட்டுத்தனம் என்று கேமராவுக்குள் பார்த்தபோதுதான் ஷ்ரவணுக்கு உறைத்தது. சந்தோஷத்தில் கைதட்டிவிட்டான்.

"பிரமாதம் மாமி! நீங்கதான் பேய். இனிமே மாத்தமே இல்லை. போய் எல்லாத்தையும் கலைச்சுடுங்கோ."

கோமளம் சுவரில் இருந்த கண்ணாடி முன் போய் நின்றாள். கை பூவைத் தொட்டது, ஆனால் எடுக்கவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே ஷ்ரவண்."

ஷ்ரவண் சிரித்தான். "அவ்வளவு ஆசையா இருந்தா ஆத்துக்கு வெச்சுண்டே போங்கோளேன் மாமி. யாரு வேண்டாங்கறா?"

கோமளம் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எப்படிப்பா வெச்சுண்டு போறது? அவர் போனதுலேர்ந்து கோவில் வாசல்ல பூக்காரிகூட என்னைக் கூப்பிடறதில்லை. பக்கத்துல வரவாளைத்தான் கூப்பிடறா. பேயா இருந்தாத்தான், பூ வெச்சுண்டா யாரும் ஒண்ணும் சொல்லமாட்டா."

ஷ்ரவணுக்குத் தான் பேசிய பேச்செல்லாம் நினைவுக்கு வர, வெட்கமாக இருந்தது.

"ஷாஹுல்" என்றான். "பேய்க்கு எல்லா சீன்லயும் பூ உண்டு. ஓடிப்போய் இன்னும் ரெண்டு முழம் வாங்கிட்டு வாடா."