கடைசி மூன்று நாள்

"நெசமாவே மூடுறீங்களா தம்பி, இல்ல எல்லாரும் மாட்டுற மாதிரி பேனரு மட்டுந்தானா?"

துணி எடுக்க வந்த பாண்டியம்மாள் கேட்டதும் அனீஸ் கடை வாசலைப் பார்த்தான். 'கடை காலி! கடைசி மூன்று நாள்!' என்ற பேனர் அன்று காலையில்தான் கட்டப்பட்டிருந்தது.

"சத்தியமா மூடுறோம்க்கா."

"போன வருசம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருத்தன் இப்படித்தான் சத்தியம் பண்ணான். இன்னமும் மூடிக்கிட்டேதான் இருக்கான்."

'சல்லிசு ஜவுளி' ஆறு வருடங்களுக்கு முன் திருப்பரங்குன்றத்தில் ஒற்றை ஷட்டரில் தொடங்கியது. இப்போது பதினான்கு கிளைகள். எந்தக் கிளையிலும் தள்ளுபடி இல்லாத நாளே கிடையாது என்பதால், துணியின் உண்மையான விலை முதலாளி ராஜபாண்டிக்கும் அவர் கும்பிடும் முருகனுக்கும் மட்டுமே தெரியும்.

பதினான்காவதான அவனியாபுரம் கிளைக்கு அனீஸ் மேனேஜர். முந்தின நாள்தான் முதலாளி வந்து தோளில் கைபோட்டுச் சொல்லிவிட்டுப் போனார். "கட்டட ஓனரு எடத்தைக் கேக்குறாரு தம்பி. மூணு நாள்ல சரக்கைத் தள்ளிவிட்ரு. அப்பறம் வேற எடத்துல உனக்கு வேலை இருக்கும்னு நான் சொல்ல முடியாது."

அனீஸுக்கு நிக்காஹ் முடிந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. ருமானாவை அவனுக்குக் கொடுத்ததே 'மாப்பிள்ளை மேனேஜர்' என்ற ஒரு வார்த்தைக்காகத்தான். மாமனார் தெருவில் போகிறவர்களை நிறுத்தி நிறுத்தி அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். ருமானாவிடம் அவன் இன்னும் விஷயத்தைச் சொல்லவில்லை.

"சரி, மூடிட்டு நீ என்னப்பா செய்வ?" நைட்டி ஒன்றைத் திருப்பித் தையலை இழுத்துப் பார்த்துக்கொண்டே பாண்டியம்மாள் கேட்டாள்.

அதை அவனிடம் யாரும் கேட்டதில்லை. 'தெரியலக்கா' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் கண்ணீர் முந்திக்கொண்டது. கம்பெனி கொடுத்த டையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"ஆத்தீ! அழுவாதய்யா. இந்தா, இம்புட்டையும் நானே எடுத்துக்கிறேன்."

ஒரு நைட்டி எடுக்க வந்தவள் ஏழு எடுத்தாள். வாசலில் நின்று போன் போட்டாள். "ஏ முத்துமீனா, அந்தத் தம்பி தேம்பித் தேம்பி அழுகுதுடி. பேனரு பொய் சொல்லும், கண்ணு சொல்லுமா? எல்லாரையும் கூட்டிட்டு வா."

ஷேர் ஆட்டோ ஷேர் ஆட்டோவாக வந்து இறங்கினார்கள். "அழுத தம்பி எது?" என்று விசாரித்து ஆளுக்கொரு ஆறுதல் சொன்னார்கள். ஆறுதல் கேட்கக் கேட்க அனீஸுக்கு இன்னும் அழுகை பொங்கியது. மூன்றாம் நாள் சாயங்காலத்துக்குள் சாயம் போன லுங்கியும், ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் தைத்த சட்டையும்கூடப் போய்விட்டன. பொம்மை உடுத்தியிருந்ததையும் ஜனம் விட்டுவைக்கவில்லை.

ஆறு மணிக்கு ராஜபாண்டி வந்தார். அனீஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாவிக்கொத்தை நீட்டினான்.

"இது எதுக்கு? நாளைக்குக் காலையில புது லோடு வருது. கடையை யாரு தொறப்பா?"

"கட்டட ஓனர் எடத்தைக் கேக்குறாருன்னீங்களே முதலாளி?"

"கட்டட ஓனரு நாந்தானப்பா. அன்னைக்குக் கேட்டேன். இப்ப மனசு மாறிட்டேன்."

வேலை போகவில்லை என்ற சந்தோஷத்தில் அனீஸ் நீட்டிய சாவிக்கொத்தை மார்போடு சேர்த்துக்கொண்டான். அடுத்த நொடி பாண்டியம்மாளின் ஏழு நைட்டிகள் ஞாபகத்துக்கு வந்தன. வெட்கமாக இருந்தது.

"மத்த மேனேஜர்க கிட்ட விசயத்தைச் சொல்லித்தான் அழச் சொன்னேன். ஒரு பயலுக்கும் வரல. அதான் உங்கிட்ட சொல்லல. என்னா அழுகை தம்பி!" முதலாளி மெய்மறந்து பேசினார். "திங்கக்கிழமை வாடிப்பட்டி கிளையை மூடுறோம். நீதான் போற."

"வாடிப்பட்டியில நமக்குக் கிளையே இல்லையே?"

"வெள்ளிக்கிழமை தொறக்குறோம்ல."

அனீஸ் தலையை ஆட்டினான். "இனிமே எனக்கு அழுகை வராது முதலாளி. அதான் எல்லாம் பொய்யின்னு தெரிஞ்சுபோச்சே."

ராஜபாண்டியின் முகம் சுருங்கியது. சாவிக்கொத்தை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அப்பச் சரி தம்பி. நாளையிலருந்து நீ வர வேணாம்."

ருமானாவின் முகம் கண்முன் வந்தது. மாமனார் நின்று பேசும் தெருவும் வந்தது. அனீஸுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது.

"ஆங், இதேதான்!" என்று சாவியைத் திரும்ப அவன் கையில் வைத்து அழுத்தினார் முதலாளி. "திங்கக்கிழமை இதை அப்படியே வாடிப்பட்டிக்குக் கொண்டாந்துரு."