பதினெட்டு மில்லிமீட்டர்

விளக்கணைத்த ஸ்கேன் அறையில் திரையின் சாம்பல் வெளிச்சம் தமிழரசின் முகத்தில் விழுகிறது. கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் பக்கம் போர்வெல் போடுகிறவன். மனைவி தனப்பிரியாவுக்குக் கருத்தரிக்கும் நாள் கூடிவந்த மாதமெல்லாம் எங்கோ ஒரு குழியருகே நின்றிருந்தான். இந்த மாதம் நேற்றே திருச்செங்கோடு வந்து சேர்ந்துவிட்டான். எந்த ஊர்க் குழியானாலும் முதலில் வரும் தண்ணீரை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வானாம், அவளிடம் சொல்லியிருக்கிறான். படுத்தபடியே அவள் அவனைப் பார்க்கிறாள். டாக்டரம்மா திரையில் ஒரு கறுப்பு வட்டத்தைக் காட்டுகிறார். "பதினெட்டு மில்லிமீட்டர். கருமுட்டை இதுக்குள்ளதான் இருக்கு. நாளைக்குள்ள வெடிச்சிரும். இன்னிக்கும் நாளைக்கும் தவறாம ஒண்ணா இருங்க." "கறுப்பாத் தெரியறது என்னதுங்க?" கம்ப்ரசர் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய குரல், பக்கத்தில் படுத்திருக்கும் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. "தண்ணிதாங்க." ஆயிரம் அடி ஆழத்துத் தண்ணீரை எத்தனையோ முறை பார்த்தவன் திரையருகே குனிகிறான். சட்டைப்பையில் போன் அதிர்கிறது, ரிக் மேனேஜராகத்தான் இருக்கும். அவன் எடுக்கவில்லை. அசைந்தால் கலைந்துவிடும் என்பதுபோல் தனப்பிரியா மூச்சை அடக்கிக்கொள்கிறாள். "தொடலாங்களா?" டாக்டரம்மா தலையசைக்கிறார். கிரீஸ் கறை போகாத விரல் திரையில் அந்த வட்டத்தைத் தொடுகிறது; பிறகு மெல்ல அவன் கண்களுக்குப் போகிறது.